வறண்டிருக்க வேண்டிய குழாய்

மீன்தொட்டியின் வடிகுழாய் இப்போது சத்தம் போடுவதில்லை. கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கவனித்தால், தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவுக்குப் பின்னால் மோட்டாரின் சன்னமான உறுமல் மட்டும் கேட்கிறது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதைத்தான் விரும்பினேன். பிவிசி துண்டுகளையும் ஹாக்சா பிளேடையும் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்த இரவுகள் எல்லாம் இதற்காகத்தான். இருந்தும், இந்த அமைதி எதைக் கொடுத்து வாங்கியது என்ற நெருடல் போகவில்லை. சத்தம் இருந்த நாட்களில் அம்மா, "ராத்திரி பூரா இந்தக் களக் களக்தானா? இதை நிறுத்தவே முடியாதாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது விடியற்காலையில் எழுந்து வந்ததும் தொட்டிக்கு முன்னால் நின்று, "ஓடுதாடா அது? சத்தமே காணோமே" என்கிறாள். ஓடுதும்மா என்கிறேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஓடுகிறது, சரி. இன்னும் எவ்வளவு தண்ணீரை அந்தக் குழாய் தாங்கும், ஒரு ஹைட்ரில்லாச் செடித் துணுக்கோ நத்தையோ போய் வாயை அடைத்தால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்பதையெல்லாம் அந்தக் களக் சத்தம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. தூக்கத்தில்கூட அது காதில் விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தில் சின்ன மாறுதல் வந்தாலும் விழித்துக்கொள்வேன். அந்தச் செய்தி இப்போது வருவதில்லை.

சத்தத்தைக் குறைக்க நினைப்பவர் முதலில் அதைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். நாலடித் தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் மேல்விளிம்பில் வெட்டிய பற்களின் வழியே தண்ணீர் வழிந்து தடுப்புக்குள் விழுகிறது. அங்கே நிற்கும் குழாயின் வாயில் நுழைந்து, கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியில் போய்ச் சேர்கிறது. பஞ்சிலும் கற்களிலும் வடிந்து வந்த தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே தள்ளுகிறது. எட்ட நின்று கேட்டால் எல்லாம் ஒரே இரைச்சல். கிட்டே போய், மடித்த துண்டைத் தடுப்பின் மேல் போட்டு மூடிக் கேட்டால் ஒரு சத்தம் குறையும், அலமாரிக் கதவைச் சாத்தினால் வேறொன்று குறையும், குழாயின் வாய்க்கருகே உள்ளங்கையைக் கொண்டுபோனால் இன்னொன்று தடுமாறும். தடுப்புக்குள் விழும் சளசளப்பு வேறு, குழாயின் வாய் காற்றை விழுங்கும் களக் வேறு, கீழே சம்ப்பில் குமிழிகள் வெடிக்கும் பொளபொளப்பு வேறு. முதலாவதற்கு மருந்து மிக எளிது. தண்ணீர் ஒரு சாண் ஆழத்துக்கு விழுவதால்தான் அந்தச் சளசளப்பு. உள்ளே நிற்கும் குழாயை உயர்த்தி வைத்தால் தடுப்புக்குள் நீர்மட்டம் உயரும், விழும் உயரம் இரண்டு விரற்கடையாகக் குறையும், சத்தம் அடங்கிவிடும். குழாயை உயர்த்த வழியில்லாவிட்டால் ஒரு பட்டை ஸ்பாஞ்சைப் பற்களுக்குக் கீழே சரிவாக வைத்தால் போதும். தண்ணீர் விழாமல் அதன் மேல் வழுக்கி இறங்கும். கடைசிச் சத்தத்தைப் பிறகு பார்க்கலாம். நடுவில் இருக்கும் களக்தான் மனிதரைப் படுத்துவது. அது சீராக வருவதில்லை. வரும், நிற்கும், மறந்துவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் மறுபடி வரும்.

ஓடும் தண்ணீர் எதனால் சத்தம் போடுகிறது என்ற கேள்வியை 1933இல் ஒரு வானியலாளர் எடுத்துக்கொண்டார். மார்செல் மின்னார்ட், நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் சூரிய ஒளியை ஆராய்ந்தவர். தண்ணீருக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழி சுருங்கி விரிந்து அதிர்கிறது, அந்த அதிர்வுதான் நாம் கேட்கும் நீரோசை, குமிழியின் அளவு எதுவோ அதற்கேற்ற சுருதி என்று கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது அதில் பத்தில் ஒரு பங்கு, 330 ஹெர்ட்ஸ். தண்ணீர் மட்டும் தனியாக இருந்தால் அதற்குப் பெரிதாகக் குரல் இல்லை. குரல் காற்றுடையது. குழாயடியில் சொட்டும் தண்ணீரின் 'டிங்' ஓசைகூட அப்படித்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வாலும் உடனிருந்தவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், துளி விழுந்து உண்டாகும் பள்ளத்தின் அடியில் சிக்கும் நுண்குமிழி அதிர்ந்து நீர்ப்பரப்பையே அதிரவைப்பதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். வாளியில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைக் கலந்தால் நீரின் பரப்பிழுவிசை மாறி அந்த ஓசை நின்றுவிடும் என்பதும் அதில் உண்டு. மீன் இருக்கும் தண்ணீரில் சோப்பை நினைத்தும் பார்க்க முடியாது. செவுளின் மெல்லிய தோலை அது அரித்துவிடும். ஆகவே எனக்கு மிஞ்சியது ஒரே கேள்வி: குழாய்க்குள் காற்றை என்ன செய்வது? மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில். மில்லிமீட்டர்க் குமிழிகள் மிகச் சரியாக அந்த இடத்தில் பேசுகின்றன. இரவில் அந்தச் சீறல் சுவரைத் தாண்டிப் படுக்கையறைக்கு வந்து சேருவதற்குக் குழாயின் குற்றம் பாதி, நம் காதின் அமைப்பு பாதி.

திறந்த வாயோடு நிமிர்ந்து நிற்கும் குழாயில் தண்ணீரும் காற்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. தண்ணீர் விளிம்பைச் சுற்றிச் சுழன்று இறங்கும்போது நடுவில் ஒரு புனல் விழுகிறது. அந்தப் புனல் வழியே காற்று உள்ளே இழுபடுகிறது. சற்று நேரத்தில் தண்ணீர் குழாயை முழுக்க நிறைத்துவிட, சைஃபன் பிடித்துக்கொண்டு தடுப்பிலுள்ள தண்ணீர் விறுவிறுவென்று உறிஞ்சப்படுகிறது. மட்டம் இறங்கி வாய் வெளியே தெரிந்ததும் காற்று நுழைந்து களக் என்று சைஃபன் அறுபடுகிறது. மறுபடி மட்டம் ஏறுகிறது. இந்தச் சுற்று விடிய விடிய நடக்கும். அமெரிக்காவில் கடல்மீன் வளர்த்த ரிச்சர்ட் டர்சோவின் பெயரால் வழங்கும் ஒரு தலைப்பாகம் இதற்கு உண்டு. நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மூன்று சாமான்களில் அதைச் செய்துவிடலாம். குழாயின் தலையில் ஒரு டீ. அதன் பக்கவாட்டு வாயில் கீழ்நோக்கிய ஒரு எல்போ. உச்சியில் ஒரு எண்ட் கேப். எல்போவின் வாய் எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் அமைதியாக நுழைகிறது. காற்றுக்கு உச்சி மூடியில் தனியாக ஒரு துளை. சொல்யூஷன் போட்டு ஒட்ட வேண்டியதில்லை. அழுத்திச் செருகினாலே நிற்கும். கசிந்தாலும் தடுப்புக்குள்தானே கசியப்போகிறது. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பிவிசி பொடியை நன்றாகக் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முழு வேலையும் அந்தத் துளையில் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் துளையில் தொடங்குகிறோம். காற்று போதாமல் குழாய் மறுபடி சைஃபனாகிக் களக்கென்று அறுபடுகிறது. கொஞ்சம் பெரிதாக்குகிறோம். களக்குகளுக்கு இடையிலான நேரம் நீள்கிறது. இன்னும் கொஞ்சம். களக் மறைந்து, மூடியிலிருந்து உஸ் என்ற மூச்சு வருகிறது. அதற்கு மேல் போனால் அந்த உஸ்ஸே சத்தமாகிவிடும், பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்கவும் முடியாது. அதனால் பலரும் துளையில் ஏர் பம்ப்பின் மெல்லிய டியூபைச் செருகி, அதன் மறுமுனையில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் குட்டி பிளாஸ்டிக் வால்வை மாட்டிவிடுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே கையெட்டும் இடத்தில் அந்த வால்வு தொங்கும். விரலால் அதைத் திருகும்போது நடப்பதை நான் மிகவும் ரசித்தேன். ஒரு நூலளவு திருகினால் தடுப்புக்குள் நீர்மட்டம் அசைகிறது. ஏறத் தொடங்குகிறது. எதிர்ப்பக்கம் மயிரிழை திருகினால் நின்று, யோசித்து, இறங்குகிறது. டியூபின் நுனியில் ஈரவிரலை வைத்தால் குழாய் காற்றை இழுக்கும் இழுப்பு தோலில் தெரியும். சீரான இழுப்பு என்றால் சரியாக இருக்கிறது. விட்டுவிட்டு இழுத்தால் உள்ளே இன்னும் சண்டை ஓயவில்லை. அப்படிப் பொருத்தி முடித்த பிறகும் சத்தம் அடங்காத தொட்டிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் மோட்டார்தான் தேவைக்கு மேல் பெரியது. தண்ணீர் அதிகம் சுற்றினால் அதிகம் சுத்தம் என்ற நம்பிக்கையில் குழாய் தாங்காத மோட்டாரை வாங்கி மாட்டியிருப்பார்கள். அங்கே ஒரு துளையும் போட வேண்டாம், ஒரு டியூபும் வேண்டாம், ஓட்டத்தைக் குறைத்தாலே பாதிச் சத்தம் போய்விடும்.

கீழே சம்ப்பில் கேட்கும் பொளபொளப்பில் இதே காற்றுதான் வெளியேற வழி தேடுகிறது. குழாயின் நுனி தண்ணீருக்குள் ஆழமாக முங்கியிருந்தால் இறங்கி வந்த காற்று அந்த ஆழத்தின் எடையைத் தள்ளிக்கொண்டு திமிறி வெளிவர வேண்டும். பெரிய பெரிய குமிழிகளாகக் கக்கும், அதன் அதிர்ச்சி குழாய் வழியே மேலேயும் போகும். நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டாலோ அருவிதான். ஒரு இஞ்சுக்கு மிகாமல் முங்கவிட்டு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே குழாயின் சுவரில் சில துளைகள் போட்டால் காற்று அங்கேயே பிரிந்துபோகிறது, தண்ணீர் மட்டும் கீழே இறங்குகிறது. நுனியைச் சரிவாக வெட்டுவதும், செங்குத்தாக விழும் குழாயை 45 பாகை எல்போக்களால் சாய்த்துவிடுவதும் உதவும். சாய்ந்த குழாயில் தண்ணீர் ஒரு பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வருகிறது, மேற்பக்கம் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது.

இதெல்லாம் மீன்தொட்டிக்கு மட்டும் உரிய வித்தை என்று முதலில் நினைத்திருந்தேன். நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் குளியலறையில், மேல்வீட்டில் ஃப்ளஷ் செய்தால் எங்கள் தரையிலுள்ள வடிகாலின் ட்ராப் கொளகொளக்கும். அதுவும் இதே கதை. மேலிருந்து மொத்தமாக இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றைக் கேட்கிறது. மொட்டைமாடிவரை போகும் வெண்ட் பைப் திறந்திருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த வாய் அடைபட்டிருந்தால் வீடுகளின் ட்ராப்களிலிருந்து இழுக்கும். ட்ராப்பில் துர்நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்க வேண்டிய ஒரு கை தண்ணீரும் அந்த இழுப்பில் போய்விடும், பிறகு சாக்கடை வாடை வீட்டுக்குள் வரும். கொசுவுக்குப் பயந்தோ தோற்றத்துக்காகவோ மாடியில் வெண்ட் பைப்பின் வாயைச் சிமெண்டால் பூசிவிடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை, மூன்று மாடி கீழே ஒருவர் குளியலறையில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம் என்று. தண்ணீர் போகிற வழியைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு அதன் கூடவே போகிற காற்றின் வழியைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

காற்றுக்குத் தனிவழி விடுவது ஒரு வகை அமைதி. அதில் கொஞ்சம் மூச்சொலி எப்போதும் மிச்சமிருக்கும். அம்மாவின் காதுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். இன்னொரு வகை, காற்றையே குழாயிலிருந்து முழுக்க வெளியேற்றிவிடுவது. மீன் வளர்ப்போர் அதை ஹெர்பி முறை என்கிறார்கள். வடிகுழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு கேட் வால்வை வைத்து, மெதுவாக இறுக்கிக்கொண்டே வந்தால், தடுப்புக்குள் நீர்மட்டம் ஏறி, குழாயின் வாய் முழுக்க முங்கி, உள்ளேயிருந்த காற்றெல்லாம் அடித்துச் செல்லப்பட்டு, குழாய் தலையிலிருந்து கால்வரை வெறும் தண்ணீராகிறது. குமிழியே இல்லை, ஆகவே குரலும் இல்லை. கடைக்காரர் வால்வை எடுத்துக் கொடுக்கும்போது, "ட்ரெயின் லைனுக்கு எதுக்கு சார் கேட் வால்வு? பால் வால்வே போதுமே, வெலையும் கம்மி" என்றார். "ஒரே திருப்புல மூடக் கூடாதுண்ணே, நூல் நூலா திருகணும்" என்றதும் கவுண்டரில் வைத்தே கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி மரை சுத்தமாக ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்தார். வால்வைப் பொருத்தி அந்தச் சரியான இடத்தைக் கண்டுபிடித்த கணத்தில் வீடு முழுவதும் ஏதோ ஒன்று நின்றுபோனது. சுவர்க்கடிகாரத்தின் ஓசை கேட்டது. மகிழ்ச்சிதான். நெருடல் தொடங்கியதும் அதே இடத்தில்தான்.

திறந்த குழாயில், களக் களக் என்று அடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பெரும்பகுதி காலியாக இருந்தது. தண்ணீர் கூடினால் அந்தக் காலியிடத்தில் போகும். மட்டம் விரற்கடை ஏறினாலே விளிம்பில் நுழையும் தண்ணீர் கணிசமாகக் கூடிவிடும். குழாய் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. முழு சைஃபனில் கணக்கு வேறு. தண்ணீரைக் கீழே தள்ளுவது மேல்மட்டத்துக்கும் சம்ப்பின் மட்டத்துக்கும் இடையிலான மொத்த உயரம். ஓட்டம் அந்த உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எண்பது சென்டிமீட்டர் உயரத்தில் மேல்மட்டம் இரண்டு சென்டிமீட்டர் ஏறினால் ஓட்டம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கூடும். அதாவது வால்வின் உட்புறத்தில் கொஞ்சம் வழவழப்புப் படிந்தாலே போதும், ஒரு சிறு இலை ஒட்டினாலே போதும், மட்டம் ஏறிக்கொண்டே போகும், குழாய் அதைத் தடுக்க ஒன்றும் செய்யாது. ஒரு சத்தமும் வராது. சத்தம் இருந்த குழாயில் காலியிடம் இருந்தது, அந்தக் காலியிடம்தான் கூடத்தின் தரையைக் காத்துவந்தது. அமைதிக்காக நான் எடுத்துக்கொண்டது அந்த இடத்தை.

எடுத்ததை வேறெங்காவது திருப்பி வைத்தாக வேண்டும். அதனால்தான் இந்த முறையில் பக்கத்தில் இரண்டாவது குழாய் ஒன்று கட்டாயம். முதல் குழாயின் வாயைவிடச் சில விரற்கடை உயரத்தில் அதன் வாய். வால்வு கிடையாது, வளைவு கூடியமட்டும் கிடையாது. முதல் குழாய் முழுக்க அடைத்துக்கொண்டாலும் மோட்டார் அனுப்பும் மொத்தத் தண்ணீரையும் தனியாக இறக்கிவிடும் அளவு வேண்டும். மற்ற நேரமெல்லாம் அது வறண்டு நிற்க வேண்டும். நம் ஏரிகளில் மதகுக்கும் கலிங்குக்கும் உள்ள உறவு இது. மதகு நாள்தோறும் வேலை செய்யும், திறப்பதும் அடைப்பதும் ஆள் பார்த்துச் செய்வது. கலிங்கு வருடத்தின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து கிடக்கும். ஏரி நிரம்பும் அன்றைக்குக் கரையைக் காப்பது அதுதான். பழைய கலிங்குகளின் மேல் வரிசையாக நட்ட கற்களைப் பார்த்திருக்கலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில், இனிப் பெருவெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, கற்களுக்கு இடையில் மண்ணும் வைக்கோலும் பலகையும் வைத்து அடைத்து, இன்னும் இரண்டடித் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அந்த அடைப்பை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் விட்டால் கரை உடையும். காய்ந்து கிடக்கும் இடம் சும்மா கிடக்கும் இடம் என்று எண்ணி, கலிங்கிலிருந்து போகும் உபரிக் கால்வாய்களை மனைகளாக்கியதன் கணக்கை 2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறமும் பார்த்தன. என் தொட்டியில் இருப்பது சுமார் 250 லிட்டர். ஆனாலும் வறண்ட குழாயைப் பார்க்கிற கண் எனக்கும் அதே கண்தான். ஒரு முறை வீட்டுக்கு வந்த உறவினர், "இந்தப் பைப் சும்மாதானே மாமா நிக்குது, இதுல ஒரு மணிபிளான்ட்டை வெச்சா அழகா இருக்குமே" என்றபோது எனக்கும் ஒரு கணம் அது சரியாகத்தான் பட்டது. வேர் இறங்கினால் அந்தக் குழாய் என்றைக்குத் தேவையோ அன்றைக்கு அடைத்திருக்கும்.

அந்த இரண்டாவது குழாய்க்குச் சத்தத் தடுப்பு எதுவும் செய்யக் கூடாது என்பது இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த இடம். டீ வேண்டாம், எல்போ வேண்டாம், நுனி சம்ப்பில் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். முதல் குழாய் அடைபடத் தொடங்கி, மட்டம் ஏறி, வறண்ட குழாயில் முதல் சொட்டு விழும்போது அது வீட்டை எழுப்ப வேண்டும். அமைதியான தொட்டியில் வேண்டுமென்றே விட்டுவைத்த ஒரு சத்தம். வசதி இருப்பவர்கள் மூன்று குழாய் வைக்கிறார்கள்: ஒன்று சைஃபன், ஒன்றில் எப்போதும் மெல்லிய இழையாகத் தண்ணீர், ஒன்று வறட்சி. நடுவிலுள்ள இழை, மட்டத்தின் சிறிய ஏற்ற இறக்கங்களைத் தாங்கிக்கொள்வதால் வால்வை அடிக்கடி தொட வேண்டியதில்லை. மின்சாரம் போய் வரும் ஊரில் அது பெரிய உதவி. கரண்ட் போனதும் மேலேயிருந்து பல்லின் விளிம்புவரை தண்ணீர் இறங்கிவிடும், சம்ப்பில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். மேலே தள்ளும் குழாயின் வாயும் தலைகீழாக உறிஞ்சத் தொடங்காதபடி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு துளை இருக்க வேண்டும். கரண்ட் வந்ததும் ஓரிரு நிமிடம் சைஃபன் தன் காற்றையெல்லாம் கக்கித் தீர்க்கும் பேரிரைச்சல். அந்த இரைச்சல் வந்து அடங்கினால்தான் மனம் நிம்மதியாகிறது.

இவ்வளவும் என் காதுக்கும் என் தரைக்கும் செய்தவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காதைப் பற்றிப் பிற்பாடுதான் யோசித்தேன். காற்றில் எழும் ஒலி தண்ணீருக்குள் நுழையும்போது அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது, மற்றது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. நாம் கூடத்தில் பேசுவதும் தொலைக்காட்சியும் மீனுக்குப் பெரிய விஷயமில்லை. தண்ணீருக்குள்ளேயே பிறப்பதும், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு அதிர்வதும்தான் அதன் உலகத்தை நிறைக்கும். தங்கமீன், கெண்டை, கெளுத்தி ஆகிய கூட்டத்துக்குக் கேள்விப்புலன் பல மீன்களைவிடக் கூர்மையானது. வயிற்றுக்குள்ளிருக்கும் காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சின்னஞ்சிறு எலும்புகளின் தொடரை எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் 1820இல் விவரித்தார். ஒலி வந்து மோதும்போது காற்றுப்பை அதிர்கிறது, எலும்புகள் அந்த அதிர்வைச் செவிக்குக் கொண்டுபோகின்றன. குழாயில் சத்தம் எழுப்புவது காற்றுக்குமிழி. அதைக் கேட்கும் மீனும் தனக்குள் ஒரு காற்றுக்குமிழியை வைத்துக்கொண்டுதான் கேட்கிறது. மீனுக்குக் காது கேட்குமா என்பதே சந்தேகமாயிருந்த காலத்தில், கார்ல் ஃபான் ஃபிரிஷ் கண் தெரியாத ஒரு கெளுத்தியைச் சீட்டியடித்தால் இரைக்கு வரும்படி பழக்கி, 1923இல் அதை எழுதினார். அந்தக் கட்டுரையைப் பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்து தொட்டியின் கண்ணாடியை விரலால் தட்ட எனக்கு மனம் வருவதில்லை.

தங்கமீனின் காது நன்றாக வேலை செய்வது சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ்வரை. இந்த இடத்தில்தான் என் கணக்கு குழம்பியது. என்னைத் தூங்கவிடாத மில்லிமீட்டர்க் குமிழிகளின் சீறல் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. தங்கமீனுக்கு அது மங்கலாகத்தான் கேட்கும். சம்ப்பில் பெரிய குமிழிகள் கக்கும் ஓசையும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மடங்குகளில் உறுமும் மோட்டாரும்தான் அதன் செவிக்குக் கிட்டத்தில் இருப்பவை. அலமாரிக் கதவைச் சாத்தியதும் எனக்குச் சன்னமாகிப்போன அந்த உறுமல், சட்டத்தின் வழியாக, குழாயின் வழியாக, கண்ணாடியின் வழியாகத் தொட்டிக்குள் போய்க்கொண்டேயிருக்கிறது. 2004இல் தங்கமீன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், உரத்த இரைச்சல் அவற்றின் செவியை மந்தமாக்கியதும், அமைதியில் விட்ட பிறகு அது மெல்ல மீண்டதும் பதிவாயிருக்கின்றன. அந்த இரைச்சல் வீட்டு மோட்டாரைவிட மிக அதிகம். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படிச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. என் தொட்டியிலுள்ள தங்கமீனுக்கு எழுந்துபோய் வேறு அறையில் படுத்துக்கொள்ள வழியில்லை. மோட்டாருக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்து, அது சம்ப்பின் சுவரைத் தொடாமல் நகர்த்தி, மேலே போகும் குழாயில் பிவிசிக்குப் பதிலாக ஒரு முழம் மெத்தென்ற ஹோஸைச் சேர்த்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. தொட்டியின் பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது முன்பிருந்த மெல்லிய கூச்சம் இல்லை. இத்தனை வேலையிலும் மீனின் காதுக்காக மட்டும் செய்தது இந்த ஸ்பாஞ்சும் ஹோஸும்தான், செலவும் இதற்குத்தான் மிகக் குறைவு.

தண்ணீர் விழுவதையும் உடைவதையும் ஒரேயடியாக ஒழிப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 பாகையில் அது ஏழரையாகிவிடும், சென்னையில் மேமாதத் தொட்டி 30க்கும் மேலே போகும். குளிர்ந்த நீரின் மீனான தங்கமீனுக்கு அப்போது மூச்சு போதாது. நீர்ப்பரப்பு அசைந்து புரண்டால்தான் காற்று கலக்கும். சைஃபன் குழாயில் காற்றே இல்லை என்பதால், அது முன்பு சம்ப்புக்கு இறக்கிவிட்ட குமிழிகளும் இல்லை. அதற்கு ஈடாகத் தடுப்பின் விளிம்பில் அந்த இரண்டு விரற்கடை வீழ்ச்சியை அப்படியே விட்டிருக்கிறேன், கோடையில் ஏர் பம்ப்பையும் போட்டுவிடுகிறேன். அது கொடகொடக்கும். பரவாயில்லை.

ஹெர்பி முறையை யாராவது கேட்டு வந்தால் முதலில் தொட்டியில் எத்தனை துளை என்று கேட்கிறேன். ஒரே துளைதான், ஒரே குழாய்தான் என்றால் கேட் வால்வைப் பற்றிப் பேசுவதில்லை. டீ, எல்போ, மூடியில் காற்றுத் துளை, கீழே சரிவு, ஓட்டத்தைக் கொஞ்சம் குறைப்பது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சமுள்ள உஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இரண்டு துளை உள்ளவர்களிடம், மாதம் ஒருமுறை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட் வால்வை முழுக்க மூடிப் பார்க்கச் சொல்கிறேன். மட்டம் ஏறி வறண்ட குழாயின் வாயைத் தொடும்வரை கையை வால்விலேயே வைத்திருக்க வேண்டும். மொத்தத் தண்ணீரும் அதன் வழியாகக் குதித்துச் சம்ப்பில் கொட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினாலும் தட்டுவார். கொட்டட்டும் என்று நின்று, மட்டம் அதற்கு மேல் ஏறவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு வால்வைப் பழைய இடத்துக்குத் திருகலாம். பழைய இடம் எது என்று கைப்பிடியில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தேட வேண்டியிருக்காது.